அரேஞ்ச்மென்ட்: இசைக்கோப்பா, தழுவலா, வழியிசையா?

ஜாஸில் மெட்டுப் போட்டவருக்கு இணையாக மதிக்கப்படுபவர் அரேஞ்சர். பிக் பேண்ட் எனப்படும் பெரிய ஜாஸ் குழுவில் ஏறத்தாழ 15 பேர் இருப்பார்கள்: டிரம்பெட் வரிசை, டிராம்போன் வரிசை, சாக்ஸபோன் வரிசை, தாளத்துக்குப் பியானோ, பாஸ், டிரம்ஸ். எந்த வரிசை மெட்டை எடுக்க வேண்டும், எது பதில் சொல்ல வேண்டும், தனி ஆவர்த்தனத்துக்கு எங்கே இடம் விட வேண்டும் என்று தீர்மானித்து எழுதித் தருவதுதான் அரேஞ்ச்மென்ட்.

சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'ராங்' என்றால் வரிசை. அதிலிருந்து பிறந்த வினை, ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் படையை அணிவகுப்பதைக் குறித்தது. இசைக்குப் பிற்பாடுதான் வந்தது.

தமிழில் திரைப்படப் பெயர்ப்பட்டியல்கள் 'இசைக்கோர்ப்பு' என்கின்றன. இலக்கண வடிவம் கோத்தல், ஆகவே இசைக்கோப்பு. அலுவலகக் கோப்பு நினைவுக்கு வருவதால் பலர் 'ர்' சேர்த்தே எழுதுகிறார்கள். அதில் பெரிய தவறில்லை. கருவிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு இச்சொல் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் அரேஞ்ச்மென்ட் என்பது அதற்கும் மேலே போகும்போது?

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் நட்கிராக்கர் பாலே 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் அரங்கேறியது. அதில் சர்க்கரைப் பிளம் தேவதையின் நடனத்துக்கு அவர் செலஸ்டாவைப் பயன்படுத்தினார். விசைப்பலகையை அழுத்தினால் உள்ளே எஃகுத் தகடுகளில் சுத்தியல் பட்டுச் சிறுமணிகள் போல ஒலிக்கும் கருவி. பாரிசில் அதைக் கேட்ட சைக்கோவ்ஸ்கி, மற்ற ரஷ்ய இசையமைப்பாளர்கள் முந்திக்கொள்வார்களோ என்று அஞ்சி, ரகசியமாக வரவழைக்கும்படி தம் பதிப்பாளருக்கு எழுதினார். அந்த நடனத்தின் உயிரே அந்த ஒலிதான்.

1960-இல் அமெரிக்க ஜாஸ் குழுத் தலைவர் டியூக் எலிங்டனும் அவருடைய அரேஞ்சர் பில்லி ஸ்ட்ரேஹார்னும் ஓர் இசைத்தட்டுக்காக அதே நடனத்தைக் கையில் எடுத்தபோது, செலஸ்டாவையே விட்டுவிட்டார்கள். மெல்லிய டிரம்ஸ் அடிக்கு மேல் டெனார் சாக்ஸபோன் தாழ்ந்த குரலில், துளியும் அவசரமில்லாமல் மெட்டை எடுக்கிறது. நுனிக்காலில் நின்ற தேவதை நள்ளிரவு மதுக்கூடத்துக்கு வந்துவிட்டாள். தலைப்பிலும் பிளம் போய் ரம் வந்தது: 'சுகர் ரம் செர்ரி'. ஆனாலும் மெட்டின் ஒரு வளைவுகூடத் தொலையவில்லை. முதல் சில சுரங்களிலேயே அடையாளம் தெரிந்துவிடும். அதே பாலேயின் மலர்களின் வால்ட்ஸில் இன்னும் துணிச்சல். மூன்றெண்ணிக்கையில் சுழல்வதுதான் வால்ட்ஸ். அதை நான்கெண்ணிக்கை ஸ்விங்காக, அதாவது ஜாஸுக்கே உரிய ஊசலாடும் நடையாக, ஆக்கினார்கள். நம் கச்சேரி மொழியில் சொன்னால், திஸ்ரத்தைச் சதுஸ்ரமாக்கினார்கள்.

இதைத் 'தழுவல்' என்றால் போதாது. கதையை எடுத்து ஊரையும் பேரையும் மாற்றினாலும் தழுவல்தான். 'இசைக்கோப்பு' என்றால் சைக்கோவ்ஸ்கியோடு அவர்கள் நடத்திய உரையாடல் விடுபட்டுப்போகிறது. நன்னூல் வழிநூலுக்குச் சொல்லும் இலக்கணம் இங்கே அப்படியே பொருந்துகிறது: முன்னோர் நூலின் முடிபோடு ஒத்திருக்க வேண்டும், "பின்னோன் வேண்டும் விகற்பம்" கூற வேண்டும், மரபு அழியக் கூடாது. மூன்றும் இந்த இசைத்தட்டில் இருக்கின்றன. ஆகவே இவ்வகை ஆக்கத்தை 'வழியிசை' எனலாம்; கருவிகளுக்குப் பிரித்தெழுதும் தொழில் 'இசைக்கோப்பு' என்றே இருக்கட்டும். ஸ்ட்ரேஹார்ன் போன்றவரை வெறும் கோப்பாளர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1939 முதல் எலிங்டனின் நிழலிலேயே எழுதிக்கொண்டிருந்தவர் அவர்.

அதே 1960-இல் ஜாஸ் டிரம்பெட் கலைஞர் ஷார்ட்டி ரோஜர்ஸும் நட்கிராக்கரை ஸ்விங் இசையாக்கினார், அதுவும் வழியிசையே. 1990-களில் ஜாஸ் அரேஞ்சர் டேவிட் பெர்கர், எலிங்டன்–ஸ்ட்ரேஹார்ன் எழுதியவற்றை எடுத்து, விடுபட்ட பகுதிகளைத் தாமே எழுதிச் சேர்த்து முழு நீள நடனத்துக்கு விரித்தார். டொனால்ட் பேர்டின் நடன அமைப்பில் அது 'ஹார்லெம் நட்கிராக்கர்' என மேடையேறியது. முதல்நூல், வழிநூல் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொண்டு தன் வழியில் போவதைச் சார்புநூல் என்பது நம் மரபு. பெர்கர் செய்ததைச் சார்பிசை என்றே சொல்லலாம்.