உப்புத்தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு சிட்டிகை மணிச்சத்து

சென்னையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். வீட்டில் மூன்றடி நீளத்தில், சுமார் 190 லிட்டர் பிடிக்கும் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். கொளத்தூர் மீன் கடைகளில் பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்த சாமான்கள். ஒரு ஜோடி கோமாளி மீன் விடவேண்டும் என்று மகளுக்கு ஆசை. "47 நாள் ஆச்சு சார். அம்மோனியா இறங்கிடுச்சு. நைட்ரைட் மட்டும் நாலு வாரமா அதே கத்தரிப்பூ கலர். பாக்டீரியா பாட்டில் ரெண்டு ஊத்திட்டேன். சைக்கிள் செத்துப்போச்சா?" என்பது அவர் கேள்வி.

அவர் சைக்கிள் என்பது தொட்டிக்குள் நடக்கும் நைட்ரஜன் சுழற்சியை. முதலில் அதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அம்மோனியா வருகிறது. ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட் ஓரளவு சேர்ந்தாலும் மீன் தாங்கும், தண்ணீர் மாற்றும்போது வெளியே போய்விடும். இந்த இரண்டு கூட்டமும் பாறையிலும் மணலிலும் ஃபில்டரிலும் குடியேறும்வரை தொட்டியில் மீன் விடக்கூடாது. அதுவரை அம்மோனியம் குளோரைடு கரைசலைத் துளித்துளியாக விட்டு அவற்றை வளர்ப்பது இப்போதைய வழக்கம்.

இந்த வேலையைச் செய்வது உயிருள்ள ஒன்று என்று 1877-இல் பிரான்சில் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இருவர் காட்டினார்கள். கண்ணாடிக் குழாயில் மணலும் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பி, மேலிருந்து சாக்கடை நீரைச் சொட்டவிட்டார்கள். 20 நாள் வரை அம்மோனியா போட்டபடியே கீழே வந்தது. அதன்பிறகு நைட்ரேட் வர ஆரம்பித்தது. குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தியதும் நின்றுபோனது. வெறும் வேதிவினையாக இருந்திருந்தால் 20 நாள் காத்திருக்க வேண்டியதில்லை, மயக்க மருந்துக்கும் அடங்கியிருக்காது. அந்தக் குழாயில் சுண்ணாம்புக்கல்லும் சாக்கடை நீரும் சேர்ந்திருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

சரி, வாசகரின் தொட்டிக்கு வருவோம். நைட்ரைட் உண்மையிலேயே நின்றுவிட்டதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். வீட்டு டெஸ்ட் கிட்டின் நிற அட்டை பெரும்பாலும் 5 பி.பி.எம்.மோடு, அதாவது பத்து லட்சத்தில் ஐந்து பங்கோடு, முடிந்துவிடும். தண்ணீரில் 8 இருந்தாலும் 80 இருந்தாலும் குழாயில் தெரிவது ஒரே கத்தரிப்பூ நிறம்தான். 80-லிருந்து 20-க்கு இறங்கியிருந்தால்கூட அட்டையைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. அதனால் ஊசி போடும் சிரிஞ்சில் தொட்டி நீரை 1 மில்லி எடுத்து, 9 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கலந்து சோதித்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கச் சொன்னேன். அப்போதும் அட்டையின் கடைசி நிறமே வந்தது. பிறகு 1 மில்லிக்கு 24 மில்லி கலந்து பார்த்தார். 2 பி.பி.எம். நிறம் வந்தது. அப்படியென்றால் தொட்டியில் இருப்பது ஏறக்குறைய 50.

அடுத்து ஒரு சின்னக் கணக்கு. அவர் ஒவ்வொரு தடவையும் 2 பி.பி.எம். வீதம் பத்துத் தடவை அம்மோனியா விட்டிருந்தார், ஆக மொத்தம் 20. அம்மோனியா மூலக்கூறின் எடை 17, நைட்ரைட்டின் எடை 46. ஆகவே ஒரு பங்கு அம்மோனியா 2.7 பங்கு நைட்ரைட்டாகும். 20 பி.பி.எம். போட்டால் 54 வரவேண்டும், அவர் தொட்டியில் இருப்பது 50. போட்டதெல்லாம் நைட்ரைட்டாகி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. முதல் கூட்டம் ஒழுங்காக உழைத்திருக்கிறது, இரண்டாவது கூட்டம் அநேகமாக எதையும் தொடவில்லை.

வழக்கமான காரணங்களை வேகமாகக் கழித்துவிட்டோம். குளோரின் இல்லை, அவர் ஆர்.ஓ. தண்ணீரில்தான் உப்புக் கலக்கிறார். வெப்பநிலை 27 டிகிரி. அம்மோனியா நைட்ரைட்டாகும்போது அமிலம் உண்டாகி, தண்ணீரின் காரத்தன்மையைத் தின்றுவிடும். அதைக் கவனித்து ஆப்பச்சோடா போட்டு பி.எச்.சை 8.1-இல் நிறுத்தியிருந்தார். அம்மோனியாவை ஒரேயடியாகக் கொட்டியிருந்தால் அதுவே இரண்டாவது கூட்டத்தை முடக்கியிருக்கும். கடல்நீரின் பி.எச்.சில் அம்மோனியாவில் நூற்றுக்கு ஆறேழு பங்கு நச்சு வடிவில் இருக்கும், அதற்கு முதலில் படுப்பது அந்தக் கூட்டம்தான். ஆனால் அவர் 2-க்கு மேல் போகவேயில்லை.

கடைசியாக பாஸ்பேட் பார்க்கச் சொன்னேன். பூஜ்யம்.

விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். யூரியாவை மட்டும் போட்டுக்கொண்டே போனால் பயிர் பச்சைப்பசேல் என்று நிற்கும், ஆனால் வேர் பிடிக்காது, மணி பிடிக்காது. தழைச்சத்தோடு மணிச்சத்தும் வேண்டும் என்று டி.ஏ.பி. போடுவார்கள். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். தொட்டிக்குள்ளும் இதே கதைதான். நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவதில் அந்த நுண்ணுயிருக்குக் கிடைப்பது ஆற்றல் மட்டுமே. உடம்பு கட்டுவதற்கான கரியைத் தண்ணீரில் கரைந்த கரியமில வாயுவிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஒன்று இரண்டாகப் பிரியவேண்டுமானால் டி.என்.ஏ. ஏணியின் இரண்டு பக்கச் சட்டத்துக்கும் பாஸ்பேட் வேண்டும். புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் பாஸ்பேட், செல்லைச் சுற்றிய சவ்வில் பாஸ்பேட், ஆற்றலைச் சுமந்து திரியும் ஏ.டி.பி.யின் (அடினோசின் டிரைபாஸ்பேட்) பெயரிலேயே மூன்று பாஸ்பேட். கூலி தினமும் வருகிறது, ஆனால் சிமென்ட் மூட்டை ஒன்றுகூட இறங்கவில்லை என்ற நிலைமை.

அந்தச் சிமென்ட் எங்கே போனது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். முன்பெல்லாம் கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையைத் தொட்டியில் வைப்பார்கள். நுண்ணுயிரும் அதற்கு வேண்டிய சத்தும் அதோடு சேர்ந்தே வரும். நம் நாட்டில் 2001 முதல் பாறை கட்டும் பவளங்கள் எல்லாம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக்கூடாது. அது மிகச் சரியான சட்டம். அதனால் இன்று தொட்டிக்குள் போவது காய்ந்த, வெளுத்த சுண்ணாம்புப் பாறையும் அரகோனைட் மணலும். இரண்டும் கால்சியம் கார்பனேட். தண்ணீரில் பாஸ்பேட் அயனி வந்தால் கார்பனேட் பரப்பு அதை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். சுண்ணாம்பு மண்ணில் போட்ட மணிச்சத்து மண்ணிலேயே கட்டிப்போய்ப் பயிருக்குக் கிடைக்காமல் நிற்பதும் இதனால்தான். புதுப் பாறையின் ஒவ்வொரு துளையிலும் காலி இடம் இருப்பதால் அது கிடைத்ததையெல்லாம் வாரிக்கொள்ளும்.

இனி அவர் என்ன ஊற்றினார் என்று பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரில் பாஸ்பேட் கிடையாது, நல்ல உப்பில் ஏறக்குறைய கிடையாது, சுத்தமான அம்மோனியம் குளோரைடிலும் கிடையாது. இருந்த கொஞ்சநஞ்சத்தை முதலில் வந்த அம்மோனியாக் கூட்டம் எடுத்துக்கொண்டது. அதற்கு ஆற்றலும் அதிகம். ஒரு மோல் அம்மோனியாவுக்குச் சுமார் 275 கிலோஜூல் கிடைக்கிறது, ஒரு மோல் நைட்ரைட்டுக்கு 74 மட்டுமே. கழிவுநீர் சுத்திகரிப்புத் துறையில் இது தெரிந்த விஷயம்: மணிச்சத்து குறைந்தால் முதலில் திணறுவது நைட்ரைட் கூட்டம். அந்தப் பிரெஞ்சுக்காரர்களின் குழாயிலும் சுண்ணாம்பு இருந்தது. ஆனால் அவர்கள் ஊற்றிய சாக்கடை நீரில் பாஸ்பேட்டுக்குக் குறைவில்லை. வாசகர் வாங்கிய இரண்டு பாட்டில் பாக்டீரியாவும் இதே பட்டினித் தொட்டியில்தான் இறங்கியது. பாட்டில் விற்கிற கடையில் இதை யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவருக்குக் காசு மிச்சமாகியிருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் வாஸ்துவுக்காகத் தொட்டி வைத்தார்கள். இரண்டாம் வாரம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடி, ஒவ்வொன்றாகச் செத்தன. செவுள் ரத்தச் சிவப்பாக இருந்தது. "வீட்டுக்கு வந்த திருஷ்டியை அது வாங்கிக்கிச்சு" என்று சொல்லிப் புது மீன் வாங்கி விட்டார்கள். அவையும் செத்தன. ஒரு டெஸ்ட் கிட் இருந்திருந்தால் அம்மோனியா என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். திருஷ்டி என்று பெயர் வைத்ததும் தண்ணீரைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்த மீன்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

இன்னொன்றும் உண்டு. அம்மோனியாவை நைட்ரைட்டாக்குவது பாக்டீரியா மட்டும் என்றுதான் நூறாண்டுக்கு மேல் நம்பியிருந்தோம். 2005-இல் அமெரிக்காவின் சியாட்டில் அக்வேரியத்தில், ஒரு வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டியின் கல்லிலிருந்து ஆர்க்கியா வகை உயிரொன்றை, அதாவது பாக்டீரியாவைப் போலச் சின்னதானாலும் வேறு பரம்பரையைச் சேர்ந்த நுண்ணுயிரை, பிரித்து வளர்த்தார்கள். நைட்ரோசோபுமிலஸ் மாரிட்டிமஸ் என்று பெயர். அதுவும் அம்மோனியாவைத் தின்றே வாழ்கிறது. அதன் உறவுக்கூட்டம் உலகக் கடல்கள் முழுக்க நிறைந்திருப்பது பிறகு தெளிவானது. தொட்டிக் கல்லைச் சுரண்டிப் பார்க்கப் பணம் எதற்கு என்று யாராவது ஃபைலை மூடியிருந்தால் இது நமக்குத் தெரிய இன்னும் எத்தனை வருடம் ஆகியிருக்குமோ. நம் பல்கலைக்கழகங்களிலும் இப்படிப்பட்ட சின்ன ஆராய்ச்சிகளுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரிடம் மூன்று வேலை சொன்னேன். அம்மோனியா விடுவதை நிறுத்தவேண்டும். பாதித் தண்ணீரை மாற்றவேண்டும். அப்புறம் மீன் தீனியை ஒரு சிட்டிகை எடுத்து விரலால் நொறுக்கி, ஃபில்டர் நீரை இழுக்கும் பக்கத்தில் போடவேண்டும். மீன் தூளில் செய்த தீனி அழுகும்போது பாஸ்பேட் மெல்ல மெல்லக் கசியும். இரண்டு நாள் கழித்து இன்னொரு சிட்டிகை.

ஐந்தாம் நாள் பாஸ்பேட் குழாயில் லேசாக நீலம் தட்டியது. ஒன்பதாம் நாள், தண்ணீர் கலக்காமலே செய்த சோதனையில் நைட்ரைட் அட்டைக்குள் வந்து 2 காட்டியது. பன்னிரண்டாம் நாள் காலையில் ஒரு படம் அனுப்பியிருந்தார். குழாயில் வெளிர்நீலம், அதன் பின்னால் குழாயைப் பிடித்திருக்கும் சின்னக் கை. அம்மோனியா 2 பி.பி.எம். விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யத்துக்கு வருகிறதா என்று பார்த்துவிட்டு, இன்னொரு தடவை தண்ணீர் மாற்றிய பிறகு மீன் வாங்கச் சொல்லியிருக்கிறேன். கடலில் பிடித்தது வேண்டாம், பண்ணையில் குஞ்சு பொரித்து வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள் என்றும்.