ரேஞ்ச் எந்த எண்ணில் நிற்கிறது?

சேலத்தில் பைதான் என்ற நிரல் மொழியைக் கற்றுக்கொடுக்கிறேன். புதிதாக நிரல் எழுதுபவர்கள் சிவப்பு எழுத்தில் பிழைச் செய்தி வந்தால் கலங்கிப்போகிறார்கள். எனக்கோ, எந்தச் செய்தியும் காட்டாமல் தவறான விடையோடு முடிந்துவிடும் நிரல்மீதுதான் பயம். அப்படிப்பட்டவற்றில் நான் முதலில் தேடுவது, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஃபார் லூப்பின் எல்லையை. எந்த எண்ணில் தொடங்கி எங்கே நிற்பது என்று அந்த லூப்புக்குச் சொல்வதுதான் ரேஞ்ச்.

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அவற்றின் எண்களை வரிசையாக அச்சிடச் சொன்னால், ரேஞ்ச்(1, 20) என்றுதான் முதலில் கை போகும். அந்த நிரல் 19ஆம் வளைவோடு நின்றுவிடும். தொடக்க எண் கணக்கில் சேரும். முடிவு எண் சேராது. ஆகவே ரேஞ்ச்(1, 21) என்று எழுத வேண்டும். வெறும் ரேஞ்ச்(20) என்றாலும் லூப் 20 முறை சுழலும், ஆனால் 0 முதல் 19 வரை.

இது வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. 21இலிருந்து 1ஐக் கழித்தால் எத்தனை சுற்று என்பது நேரடியாகக் கிடைக்கிறது. ரேஞ்ச்(1, 11), ரேஞ்ச்(11, 21) என்று பாதையை இரண்டாகப் பிரித்தாலும் எந்த வளைவும் விடுபடாது, இரண்டு முறையும் வராது. எண் வரிசையை இப்படிக் குறிப்பதே சிறந்தது என்று கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய குறிப்பில் வாதிட்டார். எல்லா நிரல் மொழிகளும் இதைப் பின்பற்றவில்லை. பாஸ்கலில் முடிவு எண்ணும் சேரும். ரூபியில் இரு எண்களுக்கு நடுவே இரண்டு புள்ளி வைத்தால் சேரும், மூன்று வைத்தால் சேராது.

வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் 12 பேருக்கு வாரக்கூலி போடும் நிரலை நினைத்துப் பாருங்கள். எல்லை ஒன்று குறைந்தால் பட்டியலின் கடைசி ஆளுக்குக் கூலி விழாது. மொத்தத் தொகையைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது. இத்தகைய இடங்களில் ரேஞ்சே வேண்டாம் என்பேன். பெயர்ப் பட்டியலையே நேரடியாக லூப்பில் கொடுத்துவிடலாம்.

இறங்குவரிசை இன்னும் ஏமாற்றும். ரேஞ்ச்(20, 1) ஒருமுறைகூடச் சுழலாது, புகாரும் சொல்லாது. 20 முதல் 1 வரை வர ரேஞ்ச்(20, 0, -1) என்று எழுத வேண்டும்; கடைசியில் உள்ள -1, ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போ என்று சொல்கிறது. சந்தேகம் இருந்தால் பிரின்ட்(லிஸ்ட்(ரேஞ்ச்(20, 0, -1))) என்று இயக்கி, முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கண்ணால் பார்த்துவிட்டு லூப்பை எழுதுங்கள். லிஸ்ட் போடாமல் அச்சிட்டால் எண்கள் தெரியாது.