மூன்று மாத சுகரிடம் பருப்பு வேகாது

சுகர் டெஸ்டுக்கு முந்தைய இரண்டு நாள் நம் வேலூர்ப் பக்கத்தில் பலர் பரம சாதுவாகிவிடுவார்கள். வீட்டுக்கு ஆற்காடு மக்கன் பேடா வந்தாலும் பார்ப்பதோடு சரி, ராத்திரி இரண்டே சப்பாத்தி, விடிந்தால் கோட்டையைச் சுற்றி வாக்கிங். வெறும் வயிற்று அளவு கொஞ்சம் நல்லபடியாக வந்துவிட்டதா, அன்று மதியமே ஆம்பூர் பிரியாணி.

இந்த வித்தையெல்லாம் செல்லாத டெஸ்ட் ஒன்று உண்டு. பெயர் ஹெச்பிஏ1சி, பேச்சுவழக்கில் 'மூணு மாச சுகர்'.

ரத்தச் சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் அந்த அணுவுக்குள் நுழைய இன்சுலினின் தயவே தேவையில்லை, உள்ளே போய் ஹீமோகுளோபினோடு மெதுவாக ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை கூடுதலாக இருந்தால் கூடுதலாக ஒட்டும், ஒட்டியது அந்த அணு அழியும்வரை அப்படியே இருக்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். ரத்தம் எடுக்கும்போது நேற்றுப் பிறந்த அணுவும் மூன்று மாதக் கிழமும் கலந்தே வருவதால் கிடைப்பது ஒரு சராசரி, அதிலும் கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் கிட்டத்தட்ட பாதி. ஒட்டிய ஹீமோகுளோபின் மொத்தத்தில் 5.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் நிம்மதி, 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சர்க்கரை நோய், நடுவில் இருப்பவர் வாசற்படியில் நிற்கிறார்.

லேபில் கவனித்தால், இதற்கு ஊதா மூடிக் குழாய், வெறும் வயிற்று சுகருக்குச் சாம்பல் மூடி. குழாய்க்குள் போன பிறகும் ரத்த அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும், அதைத் தடுக்கத்தான் சாம்பல் மூடிக் குழாயில் ஃப்ளோரைடு. ஊதாவுக்கு அந்தக் கவலை இல்லை. பட்டினியும் வேண்டாம், இட்லி சாப்பிட்டுவிட்டே போகலாம்.

இதுவும் ஒரேயடியாக நம்பத்தக்கது அல்ல. இரும்புச்சத்துக் குறைவால் சோகை இருந்தால் அளவு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் கணக்கு பிசகும். இதையெல்லாம் டாக்டரிடம் நாம்தான் சொல்ல வேண்டும், ஊதா மூடிக்கு எப்படித் தெரியும்?

எங்கெங்கிருந்தோ ரயிலேறி காட்பாடியில் இறங்கி வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். பக்கத்துத் தெருக்காரருக்கு மட்டும் நேரம் இருக்காது. 2021இல் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறது, அதையும் 'அப்புறம் வாங்கம்மா' என்று திருப்பி அனுப்புகிறவர்களை என்ன செய்வது? விரலில் குத்திப் பார்ப்பது அந்த நிமிடத்து அளவுதான், ஆனாலும் சந்தேகம் அங்கேதான் தொடங்கும்.

முப்பது வயது தாண்டியவர்கள் இந்த மூணு மாச சுகரை ஒருமுறையாவது பார்த்துவிடுங்கள். நடுவில் நிற்பவர்களுக்கு வருடம் ஒருமுறை, நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மருந்தை மாற்றியிருந்தால் மூன்று மாதத்தில். பத்து நாளில் மறுபடி எடுத்துப் பார்ப்பது வீண் செலவு, பழைய அணுக்களில் பெரும்பாலானவை இன்னும் உள்ளேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.