வகுப்பறையில் யாரை மீட்கிறோம்?

போன வாரம் இங்கே மொரிசியசில் தமிழாசிரியர் பயிற்சி ஒன்றில் அந்தச் சொல்லை மூன்றாம் முறையாகத் திரையில் பார்த்தேன்: ‘இடைவெளி மீட்பு வினாடிவினா’. ஆங்கிலத்தில் ‘ஸ்பேஸ்ட் ரிட்ரீவல் குவிஸ்’ என்பதைத்தான் இப்படிப் பெயர்த்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த ரோஸ் ஹில் டீச்சர் என் காதருகே குனிந்து, “இது சிக்லோனுக்கு அப்புறம் செய்யற வேலையா, அக்கா?” என்றார். சிரித்துவிட்டேன். பயிற்சி நடத்தியவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் டீச்சர் கேட்டதில் என்ன தப்பு? 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டதைப் பார்த்தவர்கள் நாங்கள். மீட்பு என்றால் எங்களுக்குக் கயிறும் படகும்தான். சர்ச்சுக்குப் போகும் தமிழருக்கு அது இரட்சிப்பு. அடகு வைத்தவருக்கு நகை.

சொல்லவந்த பொருள் எளிது. நடத்தி முடித்த பாடத்திலிருந்து நாலைந்து கேள்விகளை, புத்தகத்தை மூடச்சொல்லிவிட்டு, சில நாள் கழித்துக் கேட்பது; பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி கேட்பது. மதிப்பெண் முக்கியமில்லை, நினைத்துப் பார்க்கவைப்பதுதான் வேலை. 1939இல் அமெரிக்காவின் அயோவாவில் ஸ்பிட்சர் என்பவர் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 3,605 பேரிடம் இதைச் சோதித்துவிட்டார். 2006இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டிய கணக்கு இன்னும் பளிச்சென்று இருக்கும். ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 விழுக்காடு நினைவாக எழுதினார்கள். ஒரு தடவை படித்து, ஒரு தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் போனதும் நிலைமை தலைகீழ்: முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56.

இவர்கள் மீட்பு என்று பெயர்த்த ‘ரிட்ரீவல்’ பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. திரும்பக் கண்டுபிடி என்று பொருள். ஆங்கிலத்தில் முதலில் வேட்டை நாய் தவறிப்போன இரையை மறுபடி தேடிப் பிடிப்பதற்கு வழங்கிற்று. பிரெஞ்சிலிருந்து பிறந்த எங்கள் பேச்சுமொழி கிரியோலில் ‘ரெத்ருவே’ என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. தொலைந்த செருப்பு கட்டிலடியில் கிடைத்தால் பிள்ளைகள் சொல்வது அதைத்தான். ஆக, வேரில் இருப்பது தேடல். மீட்பு என்றால் ஆபத்து ஒன்று வேண்டும், அல்லது பிடித்து வைத்திருக்கும் ஆள் ஒருவன் வேண்டும்.

சரி, கணினிக்காரர்கள் ‘தகவல் மீட்பு’ என்கிறார்களே என்று கேட்கலாம். சொல்லட்டும், அது தட்டினால் வந்து விழும் தகவல். பிள்ளையின் தலை அப்படி இல்லை. இலங்கைத் தமிழாசிரியர்களோடு பேசிப் பாருங்கள், குழப்பம் இன்னும் கூடும். அவர்களுக்கு ‘மீட்டல்’ என்றால் படித்த பாடத்தைத் திரும்பப் பார்ப்பது. ரோடிகர் சோதனையில் தோற்றுப்போனது எதுவோ அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரின் சாயலில், ஜெயித்ததற்கு இவர்கள் பெயர் வைக்கிறார்கள்!

‘இடைவெளி மீட்பு’ என்ற தொடரை இலக்கணம் படித்தவர் பிரித்தால் என்ன வரும்? இடைவெளியை மீட்பது. நகை மீட்பு, நில மீட்பு, அதே வரிசையில் இடைவெளி மீட்பு. அந்த இடைவெளியை மீட்டு எங்கே கொண்டுபோய் வைப்பது?

‘வினாடிவினா’ மேல்தான் எனக்கு அதிகக் கோபம். வினாடி தமிழ்ச்சொல்லே இல்லை, வடமொழி விநாடி. ஓசைக்காக வினாவோடு ஒட்டவைத்தார்கள். பழைய கணக்கில் நாழிகைக்கு அறுபது, அதாவது ஒன்றுக்கு 24 நொடி. யோசிக்க நேரம் தரும் அந்தப் பழைய வினாடியாக இருந்தால்கூட மன்னிப்பேன். இப்போது வினாடிவினா என்றால் மேடை, மணி, முந்திக்கொண்டு கத்தும் கெட்டிக்காரப் பையன். என் நாலாம் வகுப்பில் நடந்ததைக் கேளுங்கள். திங்களன்று ‘வண்ணத்துப்பூச்சி’ சொல்லிக்கொடுத்தேன். வெள்ளியன்று படத்தைக் காட்டி ஒரு சிறுமியைக் கேட்டேன். “மோ பா ராப்பெல், மிஸ்.” நினைவில்லையாம். காத்திருந்தேன். விட்டத்தைப் பார்த்தாள். “ஏதோ பூச்சி, மிஸ்!” இன்னும் காத்திருந்தேன். உதடு மட்டும் அசைந்தது, ‘வ... வண்...’ என்று. அப்புறம் முழுச்சொல்லும் வந்தது. மணி அடிக்கும் போட்டியாக இருந்தால் அவள் ‘பா ராப்பெல்’லோடு உட்கார்ந்திருப்பாள். கற்றது நடந்ததே அந்தக் காத்திருப்பில்தான்.

இதற்குத் தமிழில் சொல்லே இல்லாததுபோல் அகராதியைக் கொத்தியிருக்க வேண்டாம். நூல் பயிலும் முறையைச் சொல்லும்போது நன்னூல் ‘கேட்டவை நினைத்தல்’ என்கிறது. அதே சூத்திரத்தில் வினாதலும், கேட்ட வினாவுக்கு விடைசொல்லுதலும் வருகின்றன. பவணந்தியார் மீட்புப் படையைக் கூப்பிடவில்லை. நாள் தள்ளிச் செய்வதற்கு நம் பேச்சிலேயே ‘நாள் விட்டு நாள்’ இருக்கிறது. மருந்து சாப்பிடுவதற்கும் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதற்கும் அதைத்தான் சொல்கிறோம். ஆகவே நான் எழுதுவது ‘நாள்விட்டு நினைவுவினா’. வகுப்பில் வெறும் ‘நினைவுவினா’ போதும். நினைவு என்றால் நினைவு மண்டபம், நினைவு நாள் எல்லாம் கண்ணுக்குத் தெரிகின்றன என்றார் ஒரு நண்பர். இருக்கட்டும், அங்கேயும் யாரையோ நினைக்கத்தானே செய்கிறார்கள்.

மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்கு உள்ள குறை ஒன்றுதான். ஆங்கிலத்தில் மூன்று சொல் இருந்தால் தமிழிலும் மூன்று சொல்லை அதே வரிசையில் அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அந்தத் தொடரை வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்ப்பதில்லை. மொரிசியசில் தமிழை வீட்டில் கேட்காமல், வாரத்தில் சில பாடவேளைகளில் மட்டும் கேட்கும் பிள்ளைக்குத் தவறான சொல்லைத் திருத்திக்கொள்ள வேறு வாய்ப்பு வராது, கொடுத்ததுதான் தங்கும்.

பயிற்சி முடிந்ததும் வருகைத்தாளின் பின்பக்கத்தில் ‘நாள்விட்டு நினைவுவினா’ என்று எழுதி, நடத்தியவரிடம் கொடுத்தேன். படித்தார், நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த பயிற்சிக்கான தாள் நேற்று வந்தது. ‘இடைவெளி மீட்பு வினாடிவினா, பகுதி 2’.