முடிவெடுக்கும் நொடியில் விழுமியங்கள் என்ன செய்கின்றன?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிளஸ் டூ ரிசல்ட்டும் மாங்காய் சீசனும் ஒரே சமயத்தில் வரும். மாம்பழக்கூழ் ஆலைகளுக்குப் 'பெங்களூரா' ரக மாங்காய் லோடு போய்க்கொண்டிருக்க, வீட்டுக்கு வீடு "அடுத்து என்ன?" என்ற பேச்சு நடக்கும். நீட் கோச்சிங்கா, நர்சிங்கா, ஓசூர் சிப்காட்டில் வேலையா, வேலை பார்த்துக்கொண்டே குரூப் 4-க்குப் படிப்பதா? எப்படியோ ஓர் இலக்கு முடிவாகிவிடும். ஆனால் சில மாதங்கள் போனால் ஒரு பிள்ளை அதில் விடாமல் நிற்கும். அதே அளவு திறமையுள்ள இன்னொரு பிள்ளை சோர்ந்து உட்கார்ந்துவிடும். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? விழுமியங்கள், அதாவது வாழ்க்கையில் முக்கியம் என்று நாம் மதிப்பவை, இதில் என்ன செய்கின்றன?

அமெரிக்க உளவியலாளர்கள் கென்னன் ஷெல்டனும் ஆண்ட்ரூ எலியட்டும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அலசியது. மாணவர்களிடம் அவரவர் இலக்குகளை எழுதச் சொல்லி, ஒவ்வொன்றையும் எதற்காகச் செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். காரணங்கள் நான்கு வகை: யாரோ சொன்னார்கள் என்பது, செய்யாவிட்டால் குற்ற உணர்வு உறுத்தும் என்பது, இது முக்கியம் என்று நானே நம்புகிறேன் என்பது, செய்வதே பிடித்திருக்கிறது என்பது. பின்னிரண்டு காரணங்கள் ஓங்கியிருந்த இலக்குகளில் உழைப்பு நீடித்தது, அவற்றை எட்டுவதும் கூடியது. எட்டிய பிறகு கிடைத்த மனநிறைவும் அவற்றில்தான் அதிகம்.

சரி, குடும்பத்தை ஒதுக்கிவிட்டு முடிவெடுப்பது நம் பக்கம் நடக்கிற காரியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஷெல்டன் குழு 2004-ல் சீனா, தென்கொரியா, தைவானிலும் இதைச் சோதித்தது. அங்கேயும் சொந்தக் காரணங்களோடு செய்யும் இலக்குகளும் மனநலமும் சேர்ந்தே இருந்தன. அப்பாவின் கடனை அடைக்க வேண்டும் என்று நர்சிங் படிக்கும் பென்னாகரத்துப் பெண்ணுக்கு அது முழுக்கச் சொந்த இலக்காக இருக்க முடியும். அந்தப் பொறுப்பை அவள் மனமொப்பி ஏற்றிருக்கிறாளா, ஏச்சுக்குப் பயந்து சுமக்கிறாளா என்பதுதான் விஷயம். பிள்ளையை வற்புறுத்தும் பெற்றோர் இந்த ஓர் இடத்தில் நின்று யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

மூளைக்குள் என்ன நடக்கிறது? கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் டாட் ஹேர், காலின் கேமரர், அன்டோனியோ ரங்கல் மூவரும் உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை ஸ்கேனரில் படுக்கவைத்துத் தின்பண்டப் படங்களைக் காட்டினார்கள் (2009). நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பகுதியில் கீழ்நடுவே உள்ள ஒரு பகுதி ஒவ்வொரு பண்டத்தையும் எடைபோட்டது. கட்டுப்பாடு தவறியவர்களிடம் அந்த எடையில் ருசி மட்டுமே இருந்தது. கட்டுப்பாட்டோடு இருந்தவர்களிடம் உடல்நலமும் சேர்ந்திருந்தது. அவர்களிடம் மூளையின் முன்பகுதியில் பக்கவாட்டில் உள்ள ஒரு பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. 2011-ல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் முக்கியமானது. தேர்வு செய்யும் முன் "உடல்நலத்தை நினைத்துப் பாருங்கள்" என்று சொன்னதுமே, எடைபோடும் பகுதியில் உடல்நலத்தின் பங்கு கூடியது. தேர்வுகளும் மாறின.

எனக்கு இதில்தான் நம்பிக்கை பிறக்கிறது. ஒருவருக்கு உயர்ந்த விழுமியங்கள் இருக்கலாம், ஆனால் அந்த நொடியில் கவனத்துக்கு வராதது எடையில் ஏறுவதில்லை. கையிலிருக்கும் செல்போனோ யாரும் நினைவூட்டாமலே கவனத்தை இழுத்துக்கொள்ளும்.

அப்புறம், விழுமியங்கள் எல்லாமே ஒன்றோடொன்று ஒத்துப்போவதும் இல்லை. உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் 1992-ல் பத்து அடிப்படை விழுமியங்களை ஒரு வட்டமாக வகுத்தார். அடுத்தடுத்து இருப்பவை இணக்கமானவை, எதிரெதிரே இருப்பவை மோதுபவை. பாதுகாப்புக்கும் மரபுக்கும் எதிர்ப்பக்கத்தில் சுயமாக முடிவெடுப்பதும் புதுமை தேடுவதும் இருக்கின்றன. மா மரங்களை விட்டுவிட்டு பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூரைக் குடில்) ரோஜாவுக்கு மாறலாமா என்று தவிக்கும் விவசாயியின் மனதில் முட்டிக்கொள்பவை இவையே. அந்தத் தவிப்பைக் கோழைத்தனம் என்று அவர் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டில் எதற்கு இப்போது முன்னுரிமை என்று தெளிந்தால், கால் ஏக்கரில் மட்டும் தொடங்குவது போன்ற நடுவழிகள் கண்ணுக்குத் தெரியும்.

தெளிவது எப்படி? நேர்மை, உழைப்பு, அன்பு என்று அச்சடித்த பட்டியலில் டிக் அடிக்கும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. எல்லோரும் எல்லாவற்றுக்கும் டிக் போடுவார்கள். சம்பளமில்லாத எந்த வேலையில் நேரம் போவது தெரியாமல் இருந்தேன், எந்த அநியாயம் தூக்கத்தைக் கெடுத்தது, ஊரில் யாருக்குமே தெரியாது என்றாலும் இந்த இலக்கைத் தேடிப் போவேனா? இவற்றுக்குச் சம்பவங்களோடு ஒரு பக்கம் எழுதிப் பார்ப்பது நல்லது. அமெரிக்க உளவியலாளர் ஜெஃப்ரி கோஹன் குழுவின் 2006 ஆய்வில், தங்களுக்கு முக்கியமான விழுமியத்தைப் பற்றிச் சில நிமிடங்கள் எழுதிய கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் உயர்ந்தது. பிற்பாடு வேறு பள்ளிகளில் அதே பலன் எப்போதும் வரவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எழுதுவது ஒரு தொடக்கம். அன்றாடத்தோடு அதை முடிச்சுப்போட வேண்டும்.

முடிச்சுப்போட உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்த ஓர் எளிய வழி இருக்கிறது: "இது நடந்ததும் இதைச் செய்வேன்" என்று முன்கூட்டியே தீர்மானிப்பது. ஓசூரில் இரவு ஷிப்ட் பார்த்தபடி குரூப் 4-க்குப் படிப்பவர், "அறைக்கு வந்து குளித்ததும், படுக்கும் முன் பழைய வினாத்தாளில் 20 கேள்வி" என்று எழுதி, எதற்காகப் படிக்கிறோம் என்பதையும் அதன் கீழே ஒரு வரியில் சேர்த்துக் கண்ணாடியருகே ஒட்டலாம். காலை ஏழு மணிக்குக் களைத்த மூளை படிப்பதா வேண்டாமா என்று புதிதாக எடைபோட வேண்டியிருக்காது.