தபாலைத் திருப்பி அனுப்பினால் நிலம் தங்காது

போன வாரம் ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வக்கீலான என்னிடம் வந்தார். சாலைக்காக நிலம் எடுத்துவிட்டார்களாம். “ரெண்டு நோட்டீஸையும் வாங்காமத் திருப்பி அனுப்பிட்டேன் தம்பி. வாங்கினாத்தானே சம்மதம்?” என்றார். சரி, இழப்பீட்டுப் பணம்? “அது பேத்தி காலேஜ் ஃபீஸுக்கு வேண்டியிருந்துச்சு, வாங்கிட்டேன்.” வாங்க வேண்டியதை வாங்கவில்லை, பார்த்து வாங்க வேண்டியதைப் பார்க்காமல் வாங்கிவிட்டார். இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் ஐந்தாவது ஆள்.

நோட்டீஸ் சம்மதப் பத்திரம் அல்ல. அரசு உங்கள் நிலத்தை விலைக்குக் கேட்கவில்லை. எடுக்கப்போகிறேன், சொல்ல வேண்டியது இருந்தால் சொல் என்கிறது. தபாலை வாங்காவிட்டால் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள். சார்வு ஆனதாகவே, அதாவது உங்களிடம் சேர்ந்ததாகவே, கோப்பில் ஏறும். அதைவிட முக்கியம், ஆட்சேபத்துக்கான கெடு அறிவிக்கை வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, தபால்காரர் உங்கள் வாசலுக்கு வந்த நாளிலிருந்து அல்ல. 2013 நிலமெடுப்புச் சட்டம் என்றால் 60 நாள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் வெறும் 21 நாள். எந்தச் சட்டம் என்பது அறிவிக்கையின் முதல் பாராவிலேயே இருக்கும். அதைப் படிக்கவாவது வாங்குங்கள் ஐயா!

பணத்தை வாங்காமல் இருந்தால் நிலம் போகாது என்பதும் இதே ரகம்தான். தொகையைக் கட்ட வேண்டிய இடத்தில் கட்டிவிட்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். பழைய 1894 சட்டத்தில் எடுத்த நிலங்கள் குறித்து இந்தூர் வளர்ச்சி ஆணைய வழக்கில் 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகவே சொன்னது: கொடுத்த இழப்பீட்டை வாங்க மறுத்தவர், ‘பணம் தரவில்லை, அதனால் நிலமெடுப்பு காலாவதி’ என்று பிறகு கேட்க முடியாது.

சொத்து இப்போது அடிப்படை உரிமை அல்ல. 1978-ன் 44-வது திருத்தத்தோடு அது போயிற்று. ஆனால் சட்டப்படியல்லாமல் யாருடைய சொத்தையும் எடுக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 300ஏ பிரிவு இருக்கிறது. முன்னறிவிப்பு, ஆட்சேபத்தைக் கேட்பது, நியாயமான இழப்பீடு எல்லாம் அதற்குள் அடக்கம் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் எண்ணிக்கை போட்டே சொல்லியிருக்கிறது. வாயைத் திறக்காதவருக்கு இதில் எதுவும் உதவாது.

2013 சட்டப்படி சந்தை மதிப்பு கணக்கிடும்போது வழிகாட்டி மதிப்பையும் அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திரங்களையும் பார்த்து, எது அதிகமோ அதை எடுப்பார்கள். கிராமப்புறம் என்றால் அதை ஒரு காரணியால் பெருக்குவார்கள். அதற்கு மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை உண்டு. ஆனால் முத்திரைத் தாளில் மிச்சம் பிடிக்க ஊரே விலையைக் குறைத்துக் காட்டித்தானே பத்திரம் போட்டது? இப்போது அந்தப் பத்திரங்களே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்கின்றன. இதைச் சொன்னால் என்னிடம் வழக்கோடு வரும் கட்சிக்காரர்களுக்குக் கோபம் வருகிறது.

அப்புறம் மரங்கள். பெரியவரின் அவார்டு (இழப்பீட்டைத் தீர்மானிக்கும் உத்தரவு) நகலில் மரங்களுக்கான கட்டத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தது. நிலத்தில் நின்றதோ இருபத்திரண்டு பனை, ஒரு கிணறு. கிராமத்துச் சாகுபடிக் கணக்கான அடங்கலில் பல வருடமாகத் ‘தரிசு’ என்றே இருந்திருக்கிறது, அவரும் கேட்கவில்லை. பனைக்கும் கிணற்றுக்கும் தனி மதிப்பு உண்டு. அளக்க வரும் அன்றைக்கு நீங்கள் நிலத்தில் நில்லுங்கள், எண்ணச் சொல்லுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள்.

தாத்தா பெயரிலேயே கிடக்கும் பட்டாவை முதலில் மாற்றுங்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கம் பாதி வாரிசுகள் வெளிநாட்டில். பவர் பத்திரம் வந்து சேர்வதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

பணம் வாங்கும்போது, தயவுசெய்து, கையெழுத்துக்கு மேலே ‘தொகை போதாது என்ற ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதுங்கள். 2013 சட்டத்தின் 77-வது பிரிவு இதைத்தான் கேட்கிறது. அவார்டு சொல்லும்போது நேரில் இருந்தால் ஆறு வாரத்துக்குள் கூடுதல் இழப்பீட்டுக்கு ஆட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். நாள் கடந்தால்கூடத் தகுந்த காரணம் காட்டினால் மேலும் ஓராண்டுக்குள் ஏற்க வழியிருக்கிறது. ஆட்சேபம் எழுதாமல் வாங்கியவருக்குக் கதவு கிட்டத்தட்ட மூடியதுதான்.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மிச்ச நிலத்திலும் கல் நட்டுட்டுப் போயிருக்காங்க தம்பி” என்றார். அதில் எத்தனை பனை என்று கேட்டேன். தெரியவில்லை. போய் எண்ணிக்கொண்டு, விஏஓவைப் பார்த்து அடங்கலில் ஏற்றச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.