வெள்ளையை வெட்டச் சொல்லாதீங்க

கும்பகோணத்தில் படங்களுக்கு ஃப்ரேம் போடும் கடை வைத்திருக்கிறேன். வருவதில் பெரும்பாலும் தங்க ரேக் ஒட்டிய தஞ்சாவூர் ஓவியமும் கல்யாண போட்டோவும்தான். அதனாலோ என்னவோ, வெறும் பென்சில் கோட்டில் ஓர் உருவத்தைக் கொண்டுவருகிறவர்கள் கொஞ்சம் கூச்சத்தோடுதான் மேஜையில் வைப்பார்கள்.

போன ஐப்பசியில் ஓர் அம்மா வந்தார். இங்கே ஓவியக் கல்லூரியில் படித்த அவருடைய அப்பா வரைந்தது. ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். நாற்காலி இல்லை, தரை இல்லை, முகத்தில் கண்கூட இல்லை. "சுத்தி காலியாத்தானே அண்ணே கிடக்கு, வெட்டிட்டு சின்னதாப் போட்டுடுங்க."

கத்தியை எடுக்காமல் வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். கழுத்தில் மெல்லிசாகத் தொடங்கும் கோடு தோளில் அப்படியே வழிந்து இறங்குகிறது, இடுப்பு அமரும் இடத்தில் மட்டும் பென்சிலை அழுத்தியிருக்கிறார், தாளின் பின்பக்கம் தடவினால் விரலில் மேடு தட்டுகிறது; உடம்பின் பாரம் முழுக்க அங்கேதான். முதுகுக்கோடு பாதியிலேயே நின்றுவிடுகிறது, மிச்சத்தை நம் கண் போட்டுக்கொள்கிறது. முழங்கால் பக்கம் அழித்த கோட்டின் சாயல் ஒன்று. அழுக்கு என்று ரப்பர் போட்டுவிடாதீர்கள், அவர் யோசித்த தடம் அது.

"கை நீளமா இருக்கே" என்றார். சுவாமிமலையில் தென்னை ஓலையை மடித்துச் சிலைக்கு அளவெடுக்கிற ஊர் நம்முடையது, கண்டுபிடிக்கத்தான் செய்வார்கள். நீளம்தான். ஆனால் அந்தக் கையை விரலால் மறைத்துப் பாருங்கள், உருவம் முன்னால் சாய்ந்துவிடும்.

வியன்னா ஓவியர் எகோன் ஷீலே (1890–1918) இப்படி வெறும் கோட்டையும் வெள்ளையையும் வைத்து வரைவதில் மன்னன். 28 வயதில் ஸ்பானிஷ் காய்ச்சலில் போய்விட்டார், பாவம். நாற்காலியை வரையாமலே ஆளை உட்காரவைப்பார். சில படங்களில் படுத்திருப்பவரை வரைந்துவிட்டு, தாளை நிமிர்த்திப் பிடித்துக் கையெழுத்துப் போடுவார். படுத்தவர் அந்தரத்தில் நிற்பார். சுற்றியுள்ள வெள்ளையை வெட்டினால் அந்தரம் ஏது?

அப்புறம், லேமினேஷன் கூடவே கூடாது, ஒட்டினால் ஒட்டினதுதான். செலோ டேப் சில வருஷத்தில் மஞ்சள் கறை விடும். நம் பக்கத்து மழைக்கால ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கிடக்கும் தாள் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் வரும். அதனால் படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள்.

அந்த அம்மா கடைசியில் முழுத் தாளையும் ஃப்ரேம் போடச் சம்மதித்தார். பெரிய ஃப்ரேம், இருநூறு ரூபாய் கூட ஆயிற்று. "காலி இடத்துக்குத்தானே அண்ணே" என்று அதிலும் பேரம் பேசினார்.